சைகோன் போகாத ஆறு ஜாடிகள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் பாதி வாழ்க்கை நிம்மதியாகப் போய்விடும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர் மேரியில் (ஊர் நிர்வாகக் கச்சேரிக்கு எங்கள் பக்கத்துப் பேர்) தாள்களை அடுக்கிக் கட்டி வைக்கிற வேலை எனக்கு. தாள்களெல்லாம் பிரெஞ்சில் இருந்தன. அதனால் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கம் மொத்தமும் நம்பியது. நானும் மறுக்கவில்லை. எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பேன். படித்ததற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது.

என் அக்கா தனத்துக்குக் கல்யாணமான ஆறாம் மாதமே மாமா சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே குமாஸ்தா வேலை. வீடு அமைந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று போனவருக்கு நாலு வருஷமாக வீடு அமையவில்லை. அக்கா எங்களோடுதான் இருந்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "இன்னா தனம், இன்னும் கூப்புடலியா?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள்.

அந்தச் சித்திரையில் மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'நம்ம கொல்லை மரத்து மாம்பழம் இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. அதை யாராவது கெடாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்தால் அடுத்த கப்பலிலேயே தனத்தை அழைத்துக்கொள்கிறேன்.'

விளையாட்டாக எழுதினாரோ என்னவோ, அம்மா அதைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டாள். அக்கா அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். அடுத்த தெரு கோதண்டம் சைகோன் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். லீவு முடிந்து பத்து நாளில் கப்பலேற இருந்தான். பழத்தை அவனிடம் கொடுத்தனுப்பலாம். ஆனால் கடலில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை எந்தப் பழம் தாங்கும்?

"துரைங்க வூட்ல பழத்தக் கண்ணாடி ஜாடியில அடைச்சு வருசக்கணக்கா வைக்கறாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். (பார்த்துக்கொண்ட லட்சணத்தைப் பின்னால் கேளுங்கள்.)

புதுச்சேரியில் துரைமார் வீடுகளுக்குச் சாமான் விற்கும் கடையொன்றுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் தகர டப்பாவைக் காட்டினார். அதற்கு ஈயம் வைத்துப் பற்றவைக்க ஆள் வேண்டும். அடுத்ததாகக் கண்ணாடி ஜாடி. கண்ணாடி மூடி, நடுவில் சிவப்பு ரப்பர் வளையம், இழுத்து மாட்ட ஒரு கம்பிப் பூட்டு. அதில் ஆறு எடுத்துக்கொண்டேன். ஜாடிகளை வேகவைக்கத் தனியாக ஒரு கொப்பரை இருந்தது. "எங்க வூட்ல நெல்லு அவிக்கிற அண்டா இருக்குது, அது போதும்" என்றேன். பாவம், அவர் நல்ல மனுஷர். "தம்பி, எப்படிப் பண்றதுன்னு சொல்றேன், கேட்டுக்குனு போப்பா" என்றார்.

"வேணாங்க, ஜாடியோட குடுத்த காகிதந்தான் இருக்குதே. படிச்சுக்கறேன்."

அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

காகிதம் முழுக்கப் பிரெஞ்சு. நல்லவேளையாகப் படங்களும் இருந்தன. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, காகிதத்தை மேலிருந்து கீழ்வரை உரக்கப் படித்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு படத்தைப் பார்த்துக் காரியத்தை நடத்தினேன். பழத்தை நறுக்கிச் சர்க்கரைப் பாகோடு ஜாடியில் போட்டு, வளையம் வைத்துப் பூட்டி, அண்டாவில் வைக்கோல் பரப்பி வேகவைத்தோம். ஆறியதும் ஒரு ஜாடியின் கம்பியை விடுவித்து, மூடியை மட்டும் பிடித்துத் தூக்கினேன். ஜாடியே கூட வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அத்தோடு எழுந்து போயிருந்தால் நான் இன்றைக்கு இந்தக் குடும்பத்தில் மரியாதையாக இருந்திருப்பேன். அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்டா, ஊறுகான்னா தெனம் தெறந்து கெளறணும், வெயில்ல வைக்கணும். இல்லாட்டிப் பூசணம் பூத்துடும். இதுக்கு இன்னா போட்டிருக்குது?"

எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவும் அக்காவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தைப் பார்த்தேன். கடைசிப் படத்தில் ஒரு கை ரப்பர் வளையத்தின் நுனியைப் பிடித்து இழுக்கிறது. பக்கத்தில் திறந்த ஜாடி, அதில் ஒரு கரண்டி. சாப்பிடுவதற்குத் திறக்கும் படம் அது. எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் ஜாடிக்குள் கரண்டி போவது கிளறத்தான்.

"தெனம் ஒரு வாட்டி கெளறணும்னுதான் போட்டிருக்குது" என்றேன்.

அதன் பிறகு எட்டு நாள் அம்மா செய்த சிரத்தையை எந்த துரைசானியும் செய்திருக்க முடியாது. தினம் தலைக்குக் குளித்தாள். ஈரம் படாத மரக்கரண்டியால் ஆறு ஜாடிகளையும் வலப்பக்கமாகவே கிளறினாள். வாயில் துணி கட்டி வெயிலில் வைத்தாள், பொழுது சாய்ந்ததும் மூடிப் பூட்டினாள். ஐந்தாம் நாள் மேலே நுரை கட்டியது. நான் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அம்மாவோ, "பொங்கி வருதுடா, நல்ல சகுனம்" என்றாள். அக்கா அப்போது சிரித்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி இரண்டு நாள் ஜாடிகளைத் திறக்கவில்லை. பயணத்துக்காகப் பூட்டை இறுக்கி, மேலே கயிறும் கட்டினேன். வைக்கோல் போட்ட பெட்டியில் ஜாடிகளை அடுக்கி, அத்தாட்சியாக இருக்கட்டும் என்று காகிதத்தையும் வைத்தேன். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு மாட்டு வண்டியில், சித்திரை வெயிலில், குலுங்கக் குலுங்கப் போனோம். கடற்பாலத்தில் கோதண்டம் காத்திருந்தான். சுங்கத்து துரையும், பக்கத்தில் நம்மூர் எழுத்தர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். துரை பெட்டியைக் காட்டி என்னவோ கேட்டார்.

"தெறந்து காட்டச் சொல்றார்" என்றார் எழுத்தர்.

நான் முன்னால் போய், கயிற்றை அறுத்துப் பூட்டைத் தட்டினேன். மூடி என் மூக்கில் அடித்தது. பழம் துரையின் வெள்ளைச் சட்டையில், தொப்பியில், மீசையில். கள்ளுக்கடை வாசனை பாலம் முழுக்கப் பரவியது. இந்த ஒரு ஜாடிதான் கெட்டுவிட்டது என்று நிரூபிக்க இரண்டாவதையும் திறந்தேன். (ஆமாம், திறந்தேன்.) அது எழுத்தர்மேல் போயிற்று.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். "யோவ், சாப்புடற வரைக்கும் தெறக்கவே கூடாதுன்னு போட்டிருக்குதே. யார்யா இதப் படிச்சது?"

"எம் புள்ளதாங்க படிச்சான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியும்" என்றாள் அம்மா. அவள் அப்போதும் பெருமையாகத்தான் சொன்னாள்.

மிச்ச நாலு ஜாடிகளையும் கடலில் கொட்டச் சொன்னார்கள். கோதண்டம் கையை விரித்துவிட்டுக் கப்பலுக்குப் போகும் படகில் இறங்கினான். அக்கா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் என் மூக்கு ரத்தத்தைத் துடைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் செத்துப் போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து மாமா எழுதினார்: 'பழம்தான் வரவில்லையே, நான் என்ன செய்ய?' பிறகு கடிதங்கள் குறைந்தன, நின்றன. அக்கா போகவேயில்லை. என் பொய்யால் அவள் வாழ்க்கை போயிற்று என்று இரண்டு வருஷம் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்த கோதண்டம் வில்லியனூர்ச் சந்தையில் என்னைத் தனியாக அழைத்துப் போனான். "உங்க மாமனுக்கு அங்க வேற குடும்பம் இருக்குதுடா. பெரிய பொண்ணுக்கு அஞ்சு வயசு."

அப்படியானால் நாங்கள் நல்ல சகுனம் என்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணுக்கு மூன்று வயது. எங்கள் ஜாடிகள் கெடாமல் போய்ச் சேர்ந்திருந்தால் மனுஷன் அடுத்து பலாப்பழம் கேட்டிருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையில் கிடைத்திருந்தால் கொன்றிருப்பேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டிலும் யாராவது அக்காவைக் கேட்பார்கள், ஏன் சைகோன் போகவில்லை என்று. அவள் உடனே ஆரம்பித்துவிடுவாள். என் பிரெஞ்சு, அம்மாவின் கரண்டி, துரையின் மீசை. பந்தியே சிரிக்கும். ஒருமுறை தாங்க முடியாமல், "போதும்க்கா, காரணம் அது இல்லன்னு..." என்று வாயெடுத்தேன்.

அவள் என்னைக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துப் போனாள்.

"கோதண்டம் பொண்டாட்டி எனக்கு எப்பவோ சொல்லிட்டாடா. மாம்பழத்தால போவுலன்னு சொன்னா சிரிக்கறாங்க. நெசத்தச் சொன்னா பாவம்னுவாங்க. சிரிக்கட்டும் வுடு."

சொல்லிவிட்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நானும் போய் என் இலையில் உட்கார்ந்து, இரண்டாவது ஜாடி வரும்போது வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம்.