மேல் தந்திக்குக் காவல்

இந்த ஆண்டு மாமியார் வீட்டு ஜாம் கொப்பரைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்வதில் நான் எப்போதும் உறுதியானவன்.

மாமியார் ஊர் தார்ப்பா. செப்டம்பர் வந்தால் அங்கே முற்றத்தில் செப்புக் கொப்பரை ஏறும். அதில் பிளம் பழம் வேகும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை மருமகன் கிளற வேண்டும். கை நின்றால் ஜாம் அடிப்பிடிக்கும். ஜாம் அடிப்பிடித்தால் மாமியார் என்னைப் பிடிப்பார்.

நான் டெப்ரெட்சென் நகரில் ஒரு பழங்கால இசைக் குழுவில் காம்பா வாசிப்பவன். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிக்கிற வாத்தியம் அது. அதன் தந்திகள் அந்தக் காலத்து வழக்கப்படி ஆட்டுக்குடலில் திரித்தவை. புதிதாகக் கட்டினால் இரண்டு நாள் இளகிக்கொண்டே போகும். சுருதி நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கச்சேரி. சனிக்கிழமை ஜாம். அதே சனிக்கிழமை தொலைக்காட்சியில் எங்கள் ஊர் அணியின் கால்பந்துப் பந்தயம். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை, நன்றாக இருந்த மேல் தந்தியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினேன்.

என் மனைவி எமெகே ஊருக்குப் போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு நான் வர முடியாது எமெகே. மேல் தந்தி போயிடுச்சு. புதுசு கட்டியிருக்கேன்.”

“கட்டியாச்சுல்ல? அப்புறம் என்ன?”

“இளகும். பக்கத்துலயே இருந்து முறுக்கிவிடணும். கைக்குழந்தை மாதிரி.”

“நாள் பூரா வாசிச்சுக்கிட்டே இருக்கணுமா?”

இங்கேதான் கவனமாக இருந்தேன். வாசிப்பே கேட்கவில்லை என்று எதிர்வீட்டு யூதித் இவளிடம் சொல்லிவிடுவாள்.

“வாசிக்கவே வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காந்திருக்கணும். சுருதி எறங்க எறங்க, தந்தியை முறுக்கற பிரடையைத் திருப்பணும்.”

“டிவி போட்டுக்கலாமா?”

“தாராளமா.”

“உங்க குழுத் தலைவர் வெந்தெல் வந்து பார்த்துக்க மாட்டாரா? பெரிய வித்வானாச்சே.”

“இதுக்கு எதுக்கு வித்வான்? அந்தக் காலத்துல பிரபுக்கள் அரண்மனையில பிரடை திருப்பறதுக்குன்னே ஒரு ஆள் வச்சிருந்தாங்க. பாட்டுன்னா என்னன்னே தெரியாதவன்.”

அந்த ஆளை நான் அந்த நிமிடம்தான் வேலைக்கு அமர்த்தினேன். ஆனால் கேட்க வரலாறு மாதிரியே இருந்தது.

எமெகே தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். என் சட்டைகளை உள்ளே வைத்தாள்.

“என்ன பண்றே?”

“நீ அம்மா வீட்டுக்குப் போ. தந்தியை நான் பார்த்துக்கறேன்.”

“அது... எங்க சுருதி இந்தக் காலத்துச் சுருதியைவிட அரை ஸ்வரம் கீழ. உனக்குத் தெரியாது.”

அவள் கைபேசியை நீட்டினாள். சுருதி பார்க்கும் செயலி, சரியாக அரை ஸ்வரம் கீழே இறக்கி, தயாராக இருந்தது.

“இத்தனை வருஷமா நீ புலம்பறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“நீ போகலேன்னா உங்க அம்மா வருத்தப்படுவாங்க.”

“நான் போனாத்தான் வருத்தப்படுவாங்க, கெல்லேர்ட். ஏன் முடியை வெட்டினே, ஏன் எளைச்சேன்னு பிளம் பழத்துக்கெல்லாம் கொட்டை எடுத்து முடியறவரைக்கும் கேப்பாங்க. உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ கிளறினாப் போதும்.”

கிளறினேன். மகள் வராத காரணத்தை மாமியாரிடம் சொன்னேன். “என்ன பொறுப்பு பாருங்க” என்று பெருமைப்பட்டுக்கொண்டு, விறகை இன்னும் உள்ளே தள்ளினார்.

மாலையில் வீட்டுக்குப் போன் போட்டேன்.

“தந்தி எப்படி இருக்கு?”

“நிக்குது. நாமளும் ஜெயிச்சுட்டோம். கடைசி கோல் நீ பார்த்திருக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் தந்தி இம்மிகூட அசையவில்லை. கச்சேரி முடிந்ததும் வெந்தெல் என்னைத் தாண்டிப் போய் எமெகேயின் கையை முத்தமிட்டார். இனி எல்லாக் கச்சேரிக்கும் அவளே தந்தி பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

டிசம்பரில் மாமியார் வீட்டில் பன்றி அறுப்பு. அதற்கும் மருமகன் வேண்டும். எமெகே நேற்றே புதுத் தந்தி வாங்கி வந்துவிட்டாள்.