அத்திப்பள்ளியில் நிற்கும் கார்

ஓசூரில் எந்தக் கடையில் குலுக்கல் பெட்டி வைத்தாலும், அதற்குள் முதலில் விழுவது எங்கள் எதிர் வீட்டுக் கூப்பன் அக்காவின் சீட்டுதான். பல் டாக்டர் வரவேற்பறையில் இருந்த புகார்ப் பெட்டியைக்கூட அவர் விட்டதில்லை.

தன் பெயருக்கு ராசியில்லை என்று எங்கள் வரிசை வீட்டுக் குழந்தைகளின் பெயரை எழுதுவார். எழுதிய பிறகுதான் சொல்வார்.

"உன் பாப்பா பேரு, உன் நம்பரு போட்டிருக்கேன்மா. கார் விழுந்தா என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ."

ஆடி மாதம் ஒரு போன் வந்தது. "யாழினி அம்மாவா? உங்களுக்குக் கார் விழுந்திருக்கு." இதமான ஆண் குரல். பதிவுக் கட்டணம் கேட்டது. "வீட்டுக்காரர்கிட்ட இப்ப சொல்லாதீங்க. வண்டி வந்ததும் அசந்துபோகட்டும்." தப்போ என்று நினைத்தபடியே கட்டினேன்.

மறுநாள் அதே குரல், கார் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நிற்பதாகவும் பார்டர் டாக்ஸ் கட்டினால்தான் விடுவார்கள் என்றும் சொன்னது. அங்கே வண்டிகளை நிறுத்துவது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நம்பினேன். கையில் மிச்சமிருந்தது யாழினியின் எல்.கே.ஜி. ஃபீஸுக்கு வைத்திருந்த பணம்.

அவள் அழுதாள்.

"பாப்பாவுக்குப் பசி. சோறு ஊட்டிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஊட்டிவிட்டு வந்தேன். குரல் லைனிலேயே இருந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது கூப்பன் அக்கா உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் துள்ளிக் குதித்துப் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி என்னா கலருப்பா? ஏ.சி. இருக்கா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "அக்கா, நீங்களா? முட்டி வலி தேவலையா?"

 அக்கா சட்டென்று போனை அணைத்தார்.

"கட்டாதம்மா."

"ஏன்க்கா?"

"என் காரும் அத்திப்பள்ளிலதான் நிக்குது. மூணு வருசமா. டாக்ஸு கட்டினேன், இன்சூரன்ஸ் கட்டினேன், டிரைவருக்குப் பிரியாணி காசுகூட அனுப்பினேன். நெசமாவே நிக்குதுன்னு நெனச்சேன்மா. இப்ப உன்னுதும் அங்கயே நிக்குதுங்கறான், அதே கொரலு."

வரிசையில் எட்டு வீட்டுக் குழந்தைகளின் பெயர்களும் அம்மாக்களின் போன் நம்பர்களும் எங்கெங்கோ பெட்டிகளில் கிடந்தன. அன்று மாலையே அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டித் தான் ஏமாந்த கதையைச் சொன்னார். சிலர் வாய்விட்டுச் சிரித்தார்கள். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் வாய் திறக்காமல் நடந்தேன்.

கடைசி வீட்டில் அக்கா பாதிக் கதையிலேயே நிறுத்திவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா மட்டுமில்லைங்க, நானும்தான் கட்டினேன்" என்று ஆரம்பித்தேன்.