ரீசெட் காலும் மகாராணியின் முட்டைகளும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் கட்டைவிரலைத் தவிர எல்லாம் நலம்.

மாமா, மெஷின் ஓடுகிறது! தங்கள் செல்லக் கோழி மகாராணி இட்டு, தாங்கள் அனுப்பிவைத்த முட்டைகளை அடைகாக்க நானே ஒரு மெஷின் செய்வதாக வாக்குக் கொடுத்தேன் அல்லவா? முட்டைகளை அடுக்கி சுவிட்சைப் போட்டேன், பெட்டி சூடாகிறது, சூடாகிறது, நிற்கவே இல்லை. பார்த்தால் புரோகிராமில் முப்பத்தேழு டிகிரியை எழுபத்து மூன்று என்று தட்டியிருக்கிறேன். பதறிப்போய் முட்டைகளை வாரி, பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கும் தங்கள் மகளின் கம்பளிச் சால்வையில் சுற்றி, மேசை விளக்கடியில் வைத்தேன். புரோகிராம் இருக்கும் சிப்பையோ போர்டில் பற்றவைத்தாயிற்று, கழற்ற வழியில்லை, இருந்த இடத்திலேயே புரோகிராமை மாற்ற வேண்டும். அதற்கான கருவியைச் செருகினால் "சிப்பைக் காணவில்லை" என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது மாமா, காணவில்லையாம்!

அலுவலக நண்பனை வீட்டுக்கு அழைத்தேன். தொட்ட போர்டெல்லாம் புகைவதால் அவனுக்குப் 'புகை' என்றே பெயர்.

"டேய், சிப்போட ரீசெட் கால்ல இவ்ளோ பெரிய கெபாசிட்டரா? இந்தக் கருவி அதே கால்லதான் பன்னிரண்டு வோல்ட்டைச் சட்டுனு ஏத்தணும். உன் கெபாசிட்டர் அதை முழுங்கிடுது" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். அதோடு நின்றிருக்கலாம். கெபாசிட்டரையும் கூட இருந்த ரெசிஸ்டரையும் பிடுங்கிவிட்டு, சிப்பின் அந்தக் காலை நேரே ஐந்து வோல்ட்டோடு கம்பியால் கட்டி, "இப்ப பாரு" என்றான். பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட்டும் அந்தக் கம்பி வழியே உள்ளே புகுந்து பெட்டியின் டிஸ்ப்ளேயைச் சுட்டது, அணைக்கப் போன என் கட்டைவிரலையும் சுட்டது. சிப் பிழைத்தது என் நல்ல காலம்.

"பேரைக் காப்பாத்திட்டேடா!" என்று கத்தினேன்.

முட்டைகளைத் தொட்டால் ஆறிக்கொண்டிருக்கின்றன. அழுகையே வந்துவிட்டது. புகையைக் கைகட்டி உட்காரவைத்துவிட்டு நானே யோசித்தேன்: காலுக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், கூடவே ஒரு டயோடு, மின்சாரம் வரலாம், திரும்பிப் போக முடியாது, கெபாசிட்டர் சின்னதாக ஒன்று, அதையும் காலை நேரடியாகத் தொடவிடாமல் ஒரு ரெசிஸ்டருக்குப் பின்னால் தள்ளினேன். கருவியைச் செருகினேன். "எழுதி முடிந்தது" என்று வந்ததே! புகை என்னைத் தூக்கிச் சுற்றினான். "டேய், அத்தனை குஞ்சுக்கும் இனிமே நீதாண்டா அம்மா!"

முட்டைகள் மறுபடி பெட்டிக்குள், வெப்பமானி முப்பத்தேழை விட்டு அசையவில்லை மாமா!

அத்தைக்கு என் வணக்கம், மகாராணிக்கு என் அன்பு. அவள் பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு.

தங்கள் ஆசியை நாடும்,
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்கள் மகள் வந்து சேர்ந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இது நான் வாங்கி வச்ச கடை முட்டைங்க! அப்பா அனுப்பினதை நான் கிளம்பின அன்னைக்கே பொரிச்சாச்சு. பாதியைச் சாப்பிட்டதே நீங்கதான்" என்கிறாள். அத்தை கேட்டால், முட்டைகள் ஒன்று விடாமல் பொரித்தாயிற்று என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பொய்யில்லை.