போட்டோவில் ஆள் இருக்கிறாரா?

உயிரோடு இருப்பவர்களிடம் பொருள் விற்க நாட்டில் லட்சம் பேர் இருக்கிறார்கள். செத்தவர்களிடம் விற்றுக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் டெமோதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

வீடு வீடாகப் போய் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினை ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. அதனால் டெமோ. அவரது நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். மீசைக்கு மட்டும் டை அடிப்பார், தலையை அப்படியே விட்டுவிடுவார். கேட்டால், "மூஞ்சிய பாத்துதான சார் வாங்குறாங்கோ, மண்டைய பாத்தா வாங்குறாங்கோ?" என்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்களுடையது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கிளை. குழாயைத் திறந்து அப்படியே வாய் வைத்துக் குடிக்கிற குளிர் தேசத்துக் கம்பெனி. மேலாளர் ஹென்ரிக்கும் அங்கிருந்தே வந்தவர். தாய்மொழி தவிர இங்கிலீஷ் தெரியும். தமிழில் "வணக்கம்", "போதும்" இரண்டும் தெரியும். நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன், மற்ற நேரத்தில் டீ சொல்பவன்.

வந்த புதிதில் சுவரில் படம் போட்டுக் காட்டி எங்களுக்கு வகுப்பெடுத்தார். எவ்வளவு பெரிய நாடு, எவ்வளவு தாகம், மீஞ்சூர்ப் பக்கம் போர் போட்டால் எவ்வளவு உப்பு! இங்கே விற்காவிட்டால் வேறெங்கே விற்கும் என்றார். நாங்களும் கை தட்டினோம். ஊரோ கேன் தண்ணியே போதும் என்றது. இலவசமாகக் குடித்துப் பார்த்தவர்கள்கூட, "சப்புனு கீதே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பொங்கலுக்குள் விற்பனை ஏறாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. மேலாளருக்குத் தூக்கம் போயிற்று. இந்த ஊரும் இட்லியும் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தன.

அப்போதுதான் டெமோ எப்படி விற்கிறார் என்று பார்க்க ஹென்ரிக்கும் நானும் அவரோடு கிளம்பினோம். ஆரணிப் பக்கம் நெல் பயிரிடுகிற ஒரு குடும்பம். நல்ல உச்சி வேளை, தெருவில் ஈ காக்கை இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் நிற்க, டெமோ அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே சுவருக்குப் போனார். அங்கே மாலை போட்ட ஒரு பெரியவர் போட்டோ, அதற்கு மேல் சின்னச் சிவப்பு பல்பு.

"இன்னா நைனா, நல்லா கீறியா? முட்டி வலி தேவலாமா?" என்றார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். தலையை ஆட்டினார். "அப்டியா? எப்போ?" என்றார். மறுபடி காத்திருந்தார். பிறகு எதையோ கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் ஃபேன் நின்றது. சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி பல்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "மாமாவுக்கு முட்டி வலின்னு இவுருக்கு எப்டிங்க தெரியும்?"

ஹென்ரிக் என் காதைக் கடித்தார். "யாரோடு பேசுகிறார்?"

குடும்பத்தில் முடிவெடுப்பவர் யாரென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் வகுப்பிலேயே முதல் பாடம். "இந்த வீட்டில் முடிவெடுப்பவரோடு" என்றேன். அவர் நிமிர்ந்து நின்று போட்டோவுக்குத் தலை வணங்கினார். பாவம், அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் போட்டோவைத் தேடி வணங்க ஆரம்பித்தார்.

அமாவாசைக்கு அமாவாசை போட்டோ முன்னால் தண்ணீர் வைக்கிற வழக்கம் அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. டெமோ மிஷின் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்துப் போட்டோவுக்கு முன்னால் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் வெளியே உட்கார வைத்தார். திறந்து பார்த்தால் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. "நைனாவுக்குப் புட்ச்சிகீது" என்றார். அன்றே மிஷினை மாட்டியாயிற்று.

நான் விடவில்லை. டம்ளரில் ஓட்டை இருக்கிறதா, பல்லி வந்ததா என்று துருவினேன். "வெயிலில் ஆவியாகியிருக்கும்" என்றேன்.

"வெயிலு உள்ள வர்றதுக்கு ஜன்னல் எங்க சார் கீது?"

டம்ளரின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருந்தது.

அவர் சறுக்காத ஆளும் இல்லை. சோழவரத்தில் புதுசாகக் குடிவந்த ஒரு வீட்டில், ஒரு போட்டோ முன்னால் நின்று ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். விசாரித்தால், அது கடையில் ஃபிரேம் வாங்கும்போதே உள்ளே இருந்த ஏதோ வெளிநாட்டுப் பெண்ணின் படம். இன்னும் மாற்றவில்லையாம். டெமோ அசரவில்லை. "அதான் பாத்தேன். அந்தம்மா பேசிக்கினுதான் கீது, பாஷைதான் புரியல" என்றார்.

பொன்னேரியில் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் குலை நடுங்குகிறது. மாலை போட்ட ஒரு அம்மாவின் படத்தை வெறித்துப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். "இது காலி போட்டோ சார். உள்ள ஆளே இல்ல." திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவர்; வீட்டார் தேடிச் சலித்து, செத்துவிட்டார் என்று முடிவு கட்டிக் காரியமும் செய்துவிட்டார்கள். மகன் எங்களை அடிக்காத குறையாக விரட்டினான். தீபாவளிக்கு முன்னால் ஆந்திராவில் ஏதோ ஆசிரமத்திலிருந்து அந்த அம்மாவைக் கொண்டுவந்து விட்டார்கள். வாசல்படி ஏறியதும் சுவரைப் பார்த்து, "எவன்டா எனக்கு மாலை போட்டது?" என்று கேட்டாராம். மறுநாள் மகனே வந்து ஒரு மிஷின் வாங்கிப் போனான்.

இப்படியே போயிருந்தால் பிழைத்திருப்போம். அதற்குள் தலைமையகம் விளம்பரம் செய்யக் கிளம்பியது. மேலாளரின் முகம் மக்களுக்குத் தெரிய வேண்டுமாம். திறப்பு விழாவில் சாமந்தி மாலையோடு ஹென்ரிக் சிரித்த படத்தை எடுத்து, பின்னால் மேகம், கீழே 'என்றென்றும் உங்களோடு' என்று எழுதி அனுப்பினார்கள். அப்போது நான் ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இல்லை. பேனர் அடித்த கடைக்காரர் தன் பங்குக்கு இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கைச் சேர்த்தார். பிறகு நான் போய்ச் சண்டை போட்டபோது, "படம் மொட்டையா இருந்திச்சி சார். இந்த மாதிரி படத்துக்கெல்லாம் நாங்க வெளக்கு சும்மாவே போட்டுத் தருவோம்" என்றார்.

ரயில் நிலையம் முதல் தொழிற்பேட்டை வாசல் வரை அஞ்சலி பேனர். மறுநாள் காலை கேன் தண்ணி போடுகிறவர்கள் பெரிய மாலையோடு ஆபீசுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். பெல் அடித்தார்கள். கதவைத் திறந்து "வணக்கம்" என்றார் ஹென்ரிக். மாலை அங்கேயே கிடந்தது, ஆட்களைக் காணோம். டீக்கடைக்காரர் கிளாஸை அவர் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார். தெருநாய்கள்கூட அவரைக் கண்டால் ஒருமாதிரி ஊளையிட்டன. அவருக்குக் காரணம் புரியவில்லை. எனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை.

நல்லவேளையாக அந்த வாரம் ஒரு பெரிய தொழிற்சாலை கேன்டீன் முழுவதற்கும் மிஷின் கேட்டது. அந்த ஆர்டர் வந்தால் கிளை பிழைக்கும். முதலாளியின் அப்பா படம் வரவேற்பறையிலேயே தொங்கியது; டெமோவுக்கு அல்வா மாதிரி. தலைமையகத்து ஆட்களும் அங்கே வந்து காத்திருந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் லீவு முடிந்து வந்த டெமோ, எங்கள் வாசல் பேனர் முன்னால் நின்றுவிட்டார்.

"டைம் ஆயிடுச்சு, வாங்க" என்றேன்.

விரலை உதட்டில் வைத்தார். காது கொடுத்துக் கேட்டார். "சார், இது காலியா இருக்க வேண்டிய போட்டோ. இப்ப யாரோ செருப்ப கயட்டிப் போட்டுட்டு உள்ள வந்துக்கினு கீறாங்கோ."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே ஹென்ரிக் டை கட்டிக்கொண்டிருந்தார். ஏசி அறையில் வேர்த்து ஊற்றியது. நேற்றைய பிரியாணி என்றார்.

"அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ சார்" என்று காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார் டெமோ.

"யோவ், ஆர்டர் போயிடும்யா! நம்ம எல்லார் வேலையும் போயிடும்!"

"போனா போவட்டும். கேன் தூக்கியாச்சும் துன்னுக்கலாம். இந்தாள இன்னா பண்ணுவ?"

ஹென்ரிக் வெளியே வந்து, என்ன தகராறு என்று கேட்டார். 'உங்கள் படத்துக்குள் நீங்களே வந்துகொண்டிருக்கிறீர்கள்' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? ஆனால் உள்ளூர் வழக்கம் என்றால் அவர் மறுபேச்சு பேசமாட்டார். "பெரிய விற்பனைக்கு முன்னால் மேலாளர் இதயத்தைச் சோதித்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம்" என்றேன். "அழகான வழக்கம்" என்று காரில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் அவரைக் கட்டிலை விட்டு எழவே விடவில்லை. ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார். "சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்காது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். டெமோ ஆம்புலன்ஸில் ஹென்ரிக்கின் காலைப் பிடித்தபடி, "உள்ள போவாத சார், வெளியவே நில்லு சார்" என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தார். ஹென்ரிக் அவருக்குத் தெரிந்த தமிழில், "போதும், போதும்" என்றார்.

ஆர்டர் போயிற்று. பொங்கலுக்குள் கிளையையும் மூடிவிட்டார்கள். ஹென்ரிக் தேறி ஊருக்குப் போனார். நான் இப்போது திருவள்ளூரில் வேறு வேலையில் இருக்கிறேன். டெமோ அவர் சொன்னபடியே கேன் வண்டி ஓட்டுகிறார். வேர்வையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தீர்கள் என்று பலமுறை மடக்கிப் பார்த்தேன். "நான் அப்ப ரூமுக்குள்ளயே வரலியே சார்" என்கிறார். அது உண்மைதான்.

அந்த பேனர் ஒன்றை டீக்கடைக்காரர் கூரைக்கு அடியில் கட்டியிருக்கிறார். தினம் காலையில் டெமோ வண்டியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்வார். "காலியாதான் கீது சார். ஹென்ரிக் துரை நல்லாகீறாரு. நீ நாஷ்டா துன்னியா?" என்பார்.

நேற்று ஒன்பது மணியாகியும் போன் வரவில்லை. சட்டையைக்கூட மாட்டாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் பறந்தேன். மனிதர் டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார், போனில் சார்ஜ் இல்லையாம். "இன்னா சார் இது, பனியனோட வந்துகீற?" என்று சிரித்தார். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, என் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.