மீர்ஸோ வீட்டில் இரண்டு பேர்

"சுல்தான் படைக்காரன் ஒருத்தன் ஏற்கெனவே தொழுவத்துல படுத்திருக்கான். இப்ப ஷா படைக்காரன் வாசல்ல விழுந்து கிடக்கான். இவனை எங்கடி போடுறது?"

ஊர்த் தலைவன் மீர்ஸோ வாசலுக்கும் தொழுவத்துக்கும் மாறி மாறி ஓடினான். திராஸ் கிராமம் யாருக்கு என்று இரண்டு பேரரசுகளும் மலைச்சரிவில் மூன்று நாளாக மோதிக்கொண்டிருந்தன. எவன் ஜெயித்தாலும், எதிரிக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கு இவன் கழுத்தில்தான் கயிறு.

"மாவு அறையில போடுங்க. தொடையில ரத்தம் கொட்டுது பாருங்க," என்றாள் மனைவி கெலாவேஷ், துணியைக் கிழித்தபடி.

மாவு அறைக்கும் தொழுவத்துக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். கொஞ்ச நேரத்தில் தொழுவத்திலிருந்த தெமீர் இருமினான்.

"யாரது?" என்றான் மாவு அறையிலிருந்த பஹ்மான்.

"எங்க சித்தப்பா. பழைய இருமல்."

"பாவம். முள்ளங்கிச் சாறுல தேன் கலந்து கொடுங்கண்ணே. எங்க ஊர்ல அதுதான் மருந்து."

மீர்ஸோ கலந்துகொண்டு போய்க் கொடுத்தான். தெமீர் குடித்துவிட்டு அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து, கெலாவேஷ் காயத்தைக் கட்ட, பஹ்மான் அலறினான்.

"யாருண்ணே அது?"

"என் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி!" வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான் மீர்ஸோ.

தெமீர் கண்ணீர் விட்டுப் பிரார்த்தித்தான். மறுநாள் காலையிலேயே தன் கம்பளியை மடித்து நீட்டினான். "குழந்தைக்கு வச்சுக்குங்க. ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேன், அண்ணே."

வேறு வழியில்லாமல் மீர்ஸோ பக்கத்து வீட்டுக்கு ஓடிக் குழந்தையை இரவல் வாங்கி வந்தான். அதற்கு எட்டு மாதம். நான்கு பல்.

"ஒரே நாள்ல பல்லா!"

"எங்க... எங்க பரம்பரையே அப்படித்தான்."

சொல்லி வாய் மூடவில்லை. எங்கிருந்தோ வந்த பீரங்கிக் குண்டு நடுச்சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. புழுதி அடங்கியபோது தெமீர் இந்தப் பக்கம், பஹ்மான் அந்தப் பக்கம், நடுவில் குழந்தையோடு மீர்ஸோ.

"வெட்டறதா இருந்தா என்னை வெட்டுங்கப்பா! இது அடுத்த வீட்டுப் பிள்ளை!"

இருவரும் நொண்டிக்கொண்டு வந்தார்கள். மீர்ஸோவின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்து முத்தமிட்டார்கள். "எங்க உயிர் நீங்க கொடுத்ததுண்ணே," என்று பஹ்மான் விம்மினான்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. குளிர் தாங்காமல் இரண்டு படைகளும் கொம்பு ஊதிக்கொண்டு திரும்பிப் போயின. மீர்ஸோ முழங்காலிட்டான். சுவர் போனால் போகட்டும். கூரை நிற்கிறது, குழந்தை சிரிக்கிறது, இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஆண்டவனுக்கு வாய் ஓயாமல் நன்றி சொன்னான்.

"எதிரிங்க மனசையே ஆண்டவன் மாத்திட்டான் பாத்தியாடி!"

கெலாவேஷ் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"என்னத்த எதிரி? ஓடைக்கரையில ஒருத்தன் தோள்ல ஒருத்தன் சாஞ்சு கிடந்தாங்க. சேர்ந்து வந்தா நீங்க பயந்துடுவீங்கன்னு, நான்தான் முன்னபின்ன வந்து, ஒருத்தனை ஒருத்தன் தெரியாத மாதிரி இருக்கச் சொன்னேன்."