பல்லாசானும் மூன்று சோப்புக் கட்டிகளும்

மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏழு. அந்த ஏழில் எது நம் பிள்ளைக்குச் சரிப்படும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரப் புத்தகத்தைப் படிக்கலாம். போன் போட்டு விசாரிக்கலாம். ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சேச்சே, அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம். விஷயம் தெரிந்தவர்கள் பிள்ளையைத் தரதரவென்று செருப்புக்கடை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், "ஆ காட்டுடா" என்றார்கள்.

மாடியில் இருந்தவர் பெயர் பல்லாசான். அவரே வைத்துக்கொண்ட பெயர்தான். பழைய பல் மருத்துவர் நாற்காலி ஒன்று, ஒரு டார்ச் லைட், சுவரில் மாநில வரைபடம். வாயைத் திறந்தால் டார்ச் அடிப்பார், "ம்" என்பார், வரைபடத்தில் ஓர் ஊரைத் தொடுவார். முடிந்தது. நாலு வருஷப் படிப்பு நாற்பது வினாடியில் தீர்மானம். வரிசை மாடிப்படி இறங்கி, செருப்புக்கடையைச் சுற்றி, பஸ் நிறுத்தம் வரைக்கும் நீண்டிருந்தது. செருப்பு வாங்க வந்த ஒருவர் விவரம் புரியாமல் அதில் நின்று, ஐம்பத்தெட்டு வயதில் கடல்சார் படிப்புக்குத் தகுதி பெற்று வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

"பல்கலைக்கழகம்னு சொல்றோமே, அது எதுல ஆரம்பிக்குது?" என்று தினமும் காலையில் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார் பல்லாசான்.

"பல்லுல!" என்று கூட்டம் அலறும்.

"கழகம் எங்க வருது?"

"கடைசியில!"

"அப்ப பல்லைப் பார்க்காம நேரா கழகத்துக்குப் போலாமா?"

"கூடாது! கூடாது!"

எப்பேர்ப்பட்ட ஆராய்ச்சி! ஏழு பல்கலைக்கழகத்தில் இருக்கிற பேராசிரியர்கள் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள். பல்லாசான் அதோடு விடவில்லை. ஏழு நிறத்தில் ஏழு பல்பொடி டப்பா வைத்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகமோ அந்த நிறப் பொடியில் பல் தேய்த்தால்தான் இடம் உறுதி. "எனக்கு அறுபத்தாறு வயசு. முப்பத்திரண்டும் சொந்தப் பல். எல்லாம் இந்தப் பொடியோட மகிமை" என்று ஈ என்று காட்டுவார். ஜனங்களும் பதிலுக்கு ஈ என்று பல்லைக் காட்டிக்கொண்டு டப்பா வாங்கிப் போவார்கள்.

வர முடியாத பிள்ளைகளுக்கும் வழி வைத்திருந்தார், கருணை உள்ளம் அவருக்கு. புதுக் குளியல் சோப்பில் பிள்ளை ஒரு கடி கடித்துக் கொடுத்தால் போதும். அந்தத் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இந்தக் கூட்டத்தில் திங்கட்கிழமை நின்றவர்களில் ஒருத்திதான் நம் டைலரக்கா. அந்தத் தெருவில் அளவெடுத்தால் அரைக்கால் அங்குலம் பிசகாதவள் என்று பெயர் வாங்கியவள். துணியில் அளந்து அளந்துதான் வெட்டுவாள். மகள் படிப்பில் மட்டும் அளக்காமலே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

பல்லாசான் மகள் வாயில் டார்ச் அடித்து, "மணிக்கூண்டு" என்றார். தலைநகரத்தில் இருக்கிற பழைய பல்கலைக்கழகம், வாசலில் பெரிய மணிக்கூண்டு உள்ளது. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் மனசுக்குள் வைத்திருந்ததும் அதேதான்! வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை. வரிசையில் பக்கத்தில் நின்ற, கையில் கோப்பு வைத்திருந்த ஓர் அம்மாவிடம் மட்டும் சும்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் சண்டை உச்சத்துக்குப் போனது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு விருப்பப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். முதலில் எதைப் போடுகிறோமோ அதுதான் கிடைக்கும், பிறகு மாற்ற முடியாது. மகள் மார்க்குக்கு ஏழும் கிடைக்கும், அதுதான் வம்பே. பூட்டுவதற்கு வேண்டிய ஓடிபி வருவதோ அம்மாவின் போனுக்கு.

மகள் கையில் ஒரு நீளமான பழுப்புத்தாள் இருந்தது. அம்மா சட்டைக்கு மாதிரி வெட்டுகிற தாள்தான். அதில் ஏழு வரிசை போட்டு, பாடம் இருக்கிறதா, ஆசிரியர் எத்தனை பேர், விடுதியில் இடம் உண்டா, நூலகம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பத்துக் கட்டம் கட்டியிருந்தாள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'போனை எடுத்தார்களா?'

"அம்மா, நான் படிக்க ஆசைப்படறது புள்ளியியல். மணிக்கூண்டுல அந்தப் பாடமே இல்லம்மா!"

"இல்லன்னா என்னடி, இருக்கறதைப் படி."

"ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்துல இருக்கு. பன்னெண்டு வாத்தியாருங்க இருக்காங்க. விடுதி இருக்கு. ஒரே பஸ். போன் பண்ணா எடுத்து, அரைமணி நேரம் பொறுமையா பேசினாங்க."

"வேலை இல்லாதவங்க பேசுவாங்க. பல்லு என்ன சொல்லுதோ அதுதான்."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் அக்காவின் தம்பி. பல் ஆஸ்பத்திரிப் பின்னறையில் இருபது வருஷமாகப் பல்செட் செய்கிறவன். அக்கம்பக்கத்தில் அவனுக்குப் பெயரே பல்செட் மாமாதான்.

"அக்கா, பல்கலைக்கழகத்துல வர்ற பல்லு வாயில இருக்கிற பல்லு இல்ல. பல கலை, பல்கலை. பல்பொருள் அங்காடின்னு போர்டு இருக்கே, அங்க என்ன பல்லா விக்கிறாங்க?"

"ஏன், பல்பொடி விக்கிறாங்கல்ல!" என்றாள் அக்கா.

இதற்கு எந்த அறிஞரும் பதில் சொல்ல முடியாது. தம்பி மேஜையில் கிடந்த பல்லாசானின் துண்டுச் சீட்டை எடுத்தான். அதில் அவர் படம், காதுக்குக் காது சிரிப்பு. தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னடா இளிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா, நல்ல பல்லு. சரி, ஒரு பந்தயம். ஒரே வாயில கடிச்ச மூணு சோப்பு தர்றேன். மூணு வேற பிள்ளைங்களுதுன்னு சொல்லி நீயே கொண்டு போய்க் காட்டு. மூணுக்கும் ஒரே பதில் வந்தா, மணிக்கூண்டுக்கு நானே மூட்டை தூக்கிட்டு வர்றேன். வேற வேற வந்தா, ஓடிபியை இவகிட்ட சொல்லிடணும்."

அக்கா யோசித்தாள். அளவு ஒன்றென்றால் மூன்று தடவை வெட்டினாலும் துணி ஒரே மாதிரிதான் வரும். இது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கண்டிப்பா ஒரே பதில்தான் வரும். நீ மூட்டை தூக்க இடுப்பைக் கட்டிக்கோ" என்றாள்.

"இன்னொண்ணு. சோப்புல கலர் நூல் சுத்தித் தர்றேன். எங்கயாவது யாராவது பிள்ளைங்களுக்கு எது ஆசைன்னு கேட்டா, சிவப்புக்கு ஆற்றங்கரை, நீலத்துக்குத் துறைமுகம், பச்சைக்கு மலையடின்னு சொல்லு."

"யாரு கேக்கப் போறா?"

"கேக்கலைன்னா சொல்லாத."

வெள்ளிக்கிழமை காலை அக்கா பையில் மூன்று சோப்போடு வரிசையில் நின்றாள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "என்னங்க, இன்னும் உங்க பொண்ணுக்கு முடியலையா?"

திரும்பினால் அந்தக் கோப்பு அம்மா.

"முடிஞ்சுது. இது துணி தைக்கக் கொடுத்தவங்க பிள்ளைங்களுக்கு. நீங்க இன்னும் இங்கதான் நிக்கிறீங்களா?"

"என் ரெண்டாவது பிள்ளைக்குங்க" என்ற அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்களுக்கெல்லாம் எதுல ஆசையாம்?" என்றாள்.

யாரு கேக்கப் போறா என்று தம்பியிடம் கேட்டது அக்காவுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் சொன்னபடி சொன்னாள். கோப்பு அம்மா மூன்று நிறத்தையும் உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று மாடிப்படியில் விடுவிடுவென்று ஏறினாள். தண்ணீர்க் குடம் கீழே, செருப்புக்கடை வாசலில் இருந்தது.

மாடியில் அக்காவின் முறை வந்தது. ஐம்பது பேர் முண்டியடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, பல்லாசான் சிவப்பு நூல் சோப்பை எடுத்து டார்ச் அடித்தார்.

"ஆகா, ஓடுற தண்ணி தெரியுது. இந்தப் பிள்ளை ஆற்றங்கரைக்குப் போகும்."

அடுத்ததும் ஆற்றங்கரை என்று சொல்லிவிடுங்கள் ஐயா, என் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் நீல நூலை எடுத்தார்.

"கடிச்ச வேகத்தைப் பார்த்தீங்களா? ஆம்பளைப் பிள்ளை. துறைமுகம்."

பச்சை நூல்.

"இது சாதுவான குழந்தை. மெதுவா கடிச்சிருக்கு. மலையடிதான் இதுக்கு ஆகும்."

அக்கா மூன்று சோப்பையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவினாள். முதல் தடத்தை அளந்தாள், இரண்டாவதை அளந்தாள், மூன்றாவதையும் அளந்தாள். இப்படி அளந்து பார்ப்பதைத் திங்கட்கிழமையே செய்திருக்கலாமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஐயா, மூணும் ஒரே அளவு" என்றாள். "ஏன்னா மூணும் ஒரே வாய். ஒரே வாய்க்கு எப்படிய்யா மூணு ஊர்?"

பல்லாசான் பல்லைக் கடித்தார்.

"பொய்! ஆறு வாய் பார்த்தாலும் அறுபது வாய் பார்த்தாலும் எனக்குத் தெரியாதா? ஒரே வாய்னா அந்த வாயைக் கூட்டிட்டு வா! இப்பவே கூட்டிட்டு வா!"

"கூட்டிட்டு வர வேண்டியதில்ல" என்றது வாசலில் ஒரு குரல். பல்செட் மாமா ஒரு சுண்ணாம்பு அச்சைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். பின்னால் மகள். "அந்த வாய் இங்கதான் இருக்கு."

"எங்க?"

"உங்க மூஞ்சியில."

மாமா அச்சை மூன்று சோப்புக்கும் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி தொப்பி போட்டுட்டு வந்து பல்செட் கட்டிக்கிட்டீங்களே, ஞாபகம் இல்லையா? நான் செய்யற ஒவ்வொரு செட்டுக்கும் அச்சு எடுத்து வச்சிருப்பேன். அந்த அச்சுல இன்னொரு செட்டு செஞ்சு, அதாலதான் மூணு சோப்பையும் கடிச்சேன். உங்க பல்லுதான் ஆற்றங்கரைக்கும் துறைமுகத்துக்கும் மலையடிக்கும் போகுதாம். வாழ்த்துகள்!"

"அபாண்டம்! என்னுது முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு!"

"அப்ப இதுல ஒரு கடி கடிச்சுக் காட்டுங்களேன்" என்று மகள் ஒரு புதுச் சோப்பை நீட்டினாள். "தடம் வேறயா இருந்தா நாங்க மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறோம்."

"கடிங்க ஐயா! கடிச்சு அவங்க மூக்கை உடைங்க!" என்று கூட்டம் உசுப்பியது. பக்தர்களைப் போல ஆபத்தான எதிரிகள் உலகத்தில் கிடையாது. பல்லாசானுக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு லபக்கென்று கடித்தார்.

கடித்தது சரி. இழுத்தால் வாய் வந்தது, பல் வரவில்லை. மேல் வரிசை அப்படியே சோப்பில் குத்தி நின்று கூட்டத்தைப் பார்த்து இளித்தது.

"மேல் செட்டு தொளதொளன்னு இருக்கு, இறுக்கித் தர்றேன், மறுபடி வாங்கன்னு சொன்னேனே. நீங்கதான் வரல" என்றான் மாமா வருத்தமாக.

பல்லாசான் ஏதோ சாபம் கொடுத்தார். "புப்பு... பப்... புஃப்" என்று நுரைதான் வந்தது. பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்! முதலில் மாடிப்படி இறங்கி ஓடப் பார்த்தது கோப்பு அம்மா. அக்கா குறுக்கே போய்க் கோப்பைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். யார் யாருக்கு எது ஆசை என்று வரிசையாக எழுதியிருந்தது. திங்கட்கிழமைக்கு நேரே, 'டைலரம்மா – மணிக்கூண்டு.'

அவரவர் ஆசையை அவரவரிடமே வாங்கி, டார்ச் அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு நிறப் பொடியையும் நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒரே பொடிதான், கலர் மட்டும் வேறு. நாலைந்து பேர் டப்பாவைத் தூக்கி எறிந்தார்கள். ஒருவர் மட்டும், "அப்ப நாக்கு பார்த்துச் சொல்றவர் யாராவது இருக்காங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவரை என்ன செய்ய!

மணி நாலேகால். வீட்டில் அக்கா பழுப்புத்தாளைத் தையல் மேஜையில் விரித்து, முதல் முறையாகக் கட்டம் கட்டமாகப் படித்தாள்.

"எனக்கு ஒரு எழவும் தெரியாதுடி" என்றாள். கண் கலங்கியிருந்தது. "உன் வயசுல பஸ்ல போறப்ப அந்த மணிக்கூண்டைத்தான் பார்த்தேன். உள்ள போகணும்னு அவ்வளவு ஆசை. போக முடியல. அந்த ஆசையை உன் தலையில கட்டப் பார்த்தேன்."

மகள் அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். "நாம ஒருநாள் போய்ச் சுத்திப் பார்க்கலாம்மா. பார்க்கறதுக்கு ஓடிபி வேண்டாம்."

"மணிக்கூண்டுல கடிகாரமாவது ஓடுதாடி?"

"விசாரிச்சேன். ஆறு வருஷமா ஒன்பதே முக்கால்."

அக்கா சிரித்துவிட்டாள். போன் சிணுங்கியது. அவள் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, மகள் தட்டினாள். முதல் விருப்பம் ஆற்றங்கரை, பாடம் புள்ளியியல். பூட்டிக்கொண்டது.

"இத்தனை பேரும் எப்படிடா ஏமாந்தோம்?" என்று தம்பியைக் கேட்டாள் அக்கா. "பார்த்து வாங்கணும்னுதானே போனோம்?"

"பார்த்தீங்க, ஆனா எதைப் பார்த்தீங்க?" என்றான் தம்பி. "சந்தைக்குப் போனா மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்க. வாங்கப் போனவனே வாயைப் பொளந்து காட்டிட்டு நின்னா, மாடு சிரிக்காதா?"