எப்போதும் எடுக்கப்படும் எண்

மூன்றாம் முறையாகப் புகார்ப் பிரிவின் தொலைபேசி அதே குரலில் பேசியது. "உங்கள் அன்புக்குரியவர் பதட்டமாக இருக்கிறார். தனியுரிமை கருதிப் பெயரை வெளியிட இயலாது. அருகில் சென்று ஆறுதலாகப் பேசவும்."

ரிசீவரைப் பிடித்திருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு 'ஐஸ்கட்டி' என்று பெயர். யார் எவ்வளவு திட்டினாலும் உருகமாட்டார். அப்பேர்ப்பட்டவர் மனநல மருத்துவரிடம் போய், பதட்டத்தை அளந்து, கூடினால் வேண்டியவருக்குத் தானே போன் போடும் மணிக்கட்டுப் பட்டையை வாங்கி, நேற்றுதான் முழுக்கைச் சட்டைக்குள் கட்டியிருந்தார். படிவத்தில் 'எப்போதும் எடுக்கப்படும் ஓர் எண்' கேட்டிருந்தார்கள். மனைவியோ போனை எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ரொம்ப யோசித்து, இந்தப் புகார் எண்ணையே எழுதித் தொலைத்திருந்தார்.

விஷயம் தெரிந்தால் கிடங்குதான். வேலைநேரத்தில் ஒருமுறை அழுத பாவத்துக்குப் போன வருஷம் அங்கே அனுப்பப்பட்டவள், இன்னும் துருப்பிடித்த குழாய்களோடு குடித்தனம் நடத்துகிறாள்.

கழிவறைக்குள் போய்ப் பட்டைக் கம்பெனியின் உதவி மையத்தை அழைத்தார்.

"நம்பரை மாத்தணும்மா."

"அந்த நம்பர்க்காரங்க சம்மதம் வேணும் சார். அங்கேருந்து கூப்பிடச் சொல்லுங்க."

"அந்த நம்பர்க்காரனே நான்தாம்மா!"

"அப்போ நோயாளி யாரு சார்?"

இணைப்பைத் துண்டித்து இருக்கைக்குத் திரும்பினால், பக்கத்து மேசை அக்கா நான்காவது அழைப்பை எடுத்து முடித்திருந்தார்.

"யாருக்கோ பதட்டமாம் தம்பி. புகாராப் பதிஞ்சுட்டேன்."

"இதையெல்லாமா பதிவாங்க?"

"வந்த போனைப் பதியலைன்னா உங்க அப்பாவா வந்து பதில் சொல்வாரு?"

அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, 'தவறான அழைப்பு' என்று எழுதிப் புகாரை மூடினார். கணினி அதை ஒப்புதலுக்காக நேரே மேலாளருக்கு அனுப்பிவைத்தது.

மேலாளர் பாய்ந்து வந்தார். "நேரில் விசாரிக்காம எப்படிய்யா மூடுவே? உதவி மையத்துல கேட்டேன், இந்த ரூம்லேருந்துதான் ஏதோ பட்டை சிக்னல் வருதாம். எல்லாரும் சட்டைக் கையை மடிங்க!"

எதிர்மேசைக்காரர் இருவரும் குனிந்து கோப்புகளைப் புரட்டினார்கள். அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். தொலைபேசி மறுபடி அலறியது.

ஐஸ்கட்டி உருகிவிட்டது.

"போதும் சார்! நான்தான்!" சட்டைப் பொத்தான் தெறிக்க மணிக்கட்டைக் காட்டினார். "பத்து வருஷமா ஊர் வசவெல்லாம் வாங்கறேன். எனக்குப் பதட்டம் வரக்கூடாதா? கிடங்குக்கே அனுப்புங்க. இந்தச் சனியன் அடிக்காம இருந்தாப் போதும்!"

அலுவலகத் தொலைபேசியிலேயே உதவி மையத்தை அழைத்து, ஒலிபெருக்கியையும் அழுத்தினார். அக்காவும், எதிர்மேசைக்காரர் இருவரும், மேலாளரும் தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள்.

"இது அந்த நம்பர்தாம்மா! என் பதிவெண்ணையும் எழுதிக்கோ! எல்லாத்தையும் நிறுத்து!"

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"சார், உங்க பட்டையை நாங்க இன்னும் இணைக்கவே இல்லை. காலையிலேருந்து வர்றதெல்லாம் இதே நம்பரைக் கொடுத்திருக்கற மத்த நாலு பேரோடது."